ஆட்சேபணை உண்டா?

ஒரே காலையில், நீதிமன்றத்தின் ஒரே நடைபாதையில், இரண்டு வக்கீல்கள் அடுத்தடுத்து வந்து கண்ணாடியக்காவிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"உங்களுக்கு பயமா இருக்கா?"

முதலில் வந்தவர் அரசு வக்கீல். கக்கத்தில் கோப்புகள், கையில் கைக்குட்டை, கடுமையான ஜலதோஷம். அவர் கேட்ட விதத்திலேயே 'ஆமாம்' என்று சொன்னால் தேவலை என்று தெரிந்தது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பக்கம் போனதும் வந்தவர் அவளுடைய தம்பிக்காக வாதாடும் வக்கீலம்மா. அவர் கேட்ட விதத்தில் 'இல்லை' என்று சொன்னால் தேவலை என்று தெரிந்தது. இருவருக்கும் அவள் தலையை ஆட்டி வைத்தாள். எப்படி ஆட்டினோம் என்று பிறகு யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். பதினாறு வருடமாக அதே கடை, அதே மேஜை. பக்கத்து வீட்டு ஆட்கள் உட்பட எல்லோருக்கும் அவள் கண்ணாடியக்கா. கணவர் தெருக்கோடியில் இரும்புப் பட்டறை வைத்திருந்தார். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று ஓயாத வேலை. தம்பி படிப்பை விட்ட கையோடு அந்தப் பட்டறையில் வந்து ஒட்டிக்கொண்டவன். நெடுநெடுவென்று வளர்ந்து, வாசல் நிலையில் தலையை இடித்து இடித்தே நெட்டை என்று பெயர் வாங்கினவன். அக்காவைவிட மாமாவிடம்தான் அவனுக்கு ஒட்டுதல் அதிகம். சட்டை எடுப்பதென்றாலும் மாமாவைக் கேட்டுத்தான் எடுப்பான்.

அந்த நெட்டைதான், இருபத்து மூன்று நாளுக்கு முன்னால் ஒரு மதிய நேரத்தில், அந்த மாமாவின் தலையில் இரும்புக் குழாயால் அடித்துவிட்டான்.

சாப்பாட்டுக் கேரியரோடு அவள் பட்டறை வாசலுக்கு வந்ததும், இரும்பு அறுக்கும் கிரைண்டர் ஓய்ந்ததும் ஒரே நேரம். உள்ளே தம்பியின் கை உயர்ந்திருந்தது. கை இறங்கியதைப் பார்த்தாள். ஒரு சத்தம். கணவர் மேஜை விளிம்பில் சாய்ந்து சரிந்தார். இன்னொரு சத்தம். அதற்குள் அவள் கண்ணை மூடிக்கொண்டாளா, கேரியரைக் கீழே போட்டாளா, ஒன்றும் நினைவில்லை. அடுத்து நினைவில் இருப்பது தம்பியின் அலறல்தான். "மாமா! மாமா! கண்ணத் தொறங்க மாமா!" என்று அவரை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு ஓடினான். பட்டறையின் சரக்கு ஆட்டோவில் கிடத்தி, அவனே ஓட்டினான். பின்னால் அவள் மடியில் கணவரின் தலை.

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க ஓடியதும் அவன்தான், இரத்தம் கொடுக்கக் கையை நீட்டியதும் அவன்தான். போலீஸ் வந்து "அடிச்சது யாரு?" என்று கேட்டபோது, வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல பெஞ்சிலிருந்து எழுந்து நின்று, "நாந்தாங்க" என்றான்.

அடித்தவனும் அவன், தூக்கிக்கொண்டு ஓடியவனும் அவன். கோபப்படலாம் என்று பார்த்தால் எந்தத் தம்பி மேல் கோபப்படுவது என்று அவளுக்கு விளங்கவில்லை.

அங்கேயே, அவசரப் பிரிவு வாசலில் வைத்து, இன்ஸ்பெக்டர் அவளிடம் வாக்குமூலம் எழுதிக்கொண்டார்.

"எத்தன அடி அடிச்சான்?"

"ரெண்டு சத்தம் கேட்டுச்சுங்க."

அவர் எழுதினார், அவள் கையெழுத்துப் போட்டாள். வக்கீலம்மா அதன் நகலை வாங்கிப் படித்துக் காட்டிய பிறகுதான், 'இருமுறை ஓங்கித் தாக்கியதை நான் நேரில் பார்த்தேன்' என்று அதில் இருந்தது தெரிந்தது.

"ரெண்டு அடியா பார்த்தீங்களா?" என்றார் வக்கீலம்மா.

"சத்தம் ரெண்டு. ரெண்டாவது இன்னொரு அடியா, இல்ல குழாய் கீழ விழுந்த சத்தமான்னு தெரியலம்மா."

"இது சின்ன விஷயம் இல்லம்மா. ஒரு அடின்னா கோவத்துல கை ஓங்கிட்டான்னு பேசலாம். ரெண்டு அடின்னா கொல்லணும்னே அடிச்சான்னு அவங்க பேசுவாங்க."

"எனக்குத் தெரியாததத் தெரியும்னு எப்படிங்க சொல்றது?"

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார்.

முதல் ஜாமீன் மனு நான்காம் நாளே போட்டு, நான்காம் நாளே தள்ளுபடியானது. கணவர் அப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் திறக்காமல் கிடந்தார். 'அடிபட்டவர் ஆபத்தான கட்டத்தைத் தாண்டவில்லை' என்ற ஒரே வரியோடு முடிந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்குத் தம்பியின் மனு தள்ளுபடியானதில் உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"ஏன் அடிச்சான்னு கேக்கவே மாட்டாங்களாம்மா?" என்று வக்கீலம்மாவிடம் கேட்டாள்.

"அதெல்லாம் கேஸ் நடக்கும்போது. ஜாமீனுக்குப் பார்க்கறது வேற. அடி எவ்வளவு மோசம், அடிபட்டவர் பொழச்சிட்டாரா, இவன் மேல பழைய கேஸ் இருக்கா, வெளிய விட்டா ஓடிடுவானா, சாட்சியக் கலைப்பானா, திரும்பக் கை வைப்பானா. இதத்தான் பார்ப்பாங்க."

"தப்பு யாரு மேலன்னு?"

"அது இப்போ பேச்சே இல்ல."

கண்ணைச் சோதிக்காமலே கண்ணாடி போட்டுவிடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. ஆனால் அவ்வளவு படித்தவரிடம் அதை எப்படிச் சொல்வது?

ஏன் அடித்தான் என்பதை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நினைவு திரும்பிய கணவரிடம் கேட்டாள். தலையில் பதினொரு தையல், கழுத்தெலும்பு உடைந்து தோளோடு சேர்த்துக் கட்டு. சுவரைப் பார்த்தபடி, "உன் தம்பியவே கேளு" என்றார். சிறைக்குப் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று தம்பியைக் கேட்டாள். அவன் தரையைப் பார்த்தபடி, "மாமாவக் கேளுக்கா" என்றான்.

இதற்கு நடுவில் நாத்தனார் வந்து வீட்டில் தங்கியிருந்தார். கணவருக்கு மூத்தவர், பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது. "உன் தம்பியா, என் தம்பியா? ஒரு பக்கமா நில்லு. ரெண்டு பக்கமும் கால வச்சா நடுவுலதான் விழுவ" என்பார். அவன் ஆயுசுக்கும் உள்ளேயே கிடக்கட்டும் என்பார். சிறைக்கு அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, பின்னாலேயே வந்து ஒரு தடித்த போர்வையைத் திணித்தார். "சிமெண்டு தரை. அவனுக்கு வேற நெஞ்சு சளி" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். நாத்தனார் மட்டும் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கணவர் வீடு திரும்பிய பிறகு இரண்டாவது மனு. அவரால் இன்னும் படியிறங்க முடியாது. அவர் சார்பில் அவள் வந்து நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. காலையில் கிளம்பும்போது, "ஜாமீன் குடுக்கலாமான்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?" என்றாள்.

"உனக்கு என்ன தோணுதோ அதச் சொல்லு."

அவள் செருப்பை மாட்டும்போது உள்ளிருந்து குரல் வந்தது. "அந்தப் பய ஒழுங்கா சாப்பிடறானாமா?"

இப்படித்தான் அன்று அவள் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தாள்.

உள்ளே மின்விசிறி தலைக்குமேல் கடகடத்தது. நீதிபதி ஓர் அம்மா. அவர் அணிந்திருந்த இரட்டைப் பார்வைக் கண்ணாடியில் படிக்கிற வட்டம் ஒரு இம்மி மேலே ஏறியிருந்தது. ஆட்களைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் குனிந்து, கண்ணை மட்டும் உயர்த்த வேண்டியிருந்தது. யாரோ அளவெடுக்கும்போது அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று கண்ணாடியக்காவின் மனம் அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது.

அவர்களுக்கு முன்னால் இரண்டு மனுக்கள். பக்கத்து வீட்டுக்காரரைப் பாட்டிலால் குத்திய ஒருவர், பூனைபோல் சாதுவாக, கைகட்டி நின்றார். அவர்மேல் ஏற்கெனவே இரண்டு வழக்குகள் இருந்தன. அடிபட்டவரின் மகளுக்குப் போனில் மிரட்டல் வேறு போயிருந்தது. தள்ளுபடி. அடுத்தவன் மீசையும் முறைப்புமாக, பார்த்தாலே ஒதுங்கிப் போகத் தோன்றும் ஆள். கைகலப்பில் ஒருவரின் பல் போயிருந்தது. பழைய வழக்கு இல்லை, நிரந்தர வேலை உண்டு, சாட்சிகளெல்லாம் வேறு ஊர். ஜாமீன். முகங்களைப் பார்த்து அவள் போட்ட கணக்கு இரண்டுமே தப்பாகப் போயிற்று.

பிறகு தம்பியின் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டு காவலர்களுக்கு நடுவில் அவன் உயரம்தான் முதலில் தெரிந்தது. தாடி வளர்ந்திருந்தது.

அரசு வக்கீல் எழுந்தார். "தலை உயிர்நிலையம்மா. இரும்புக் குழாய். இரண்டு முறை தாக்கியதாக நேரடி சாட்சி சொல்லியிருக்கிறார். அந்த நேரடி சாட்சியே எதிரியின் சொந்த அக்கா. ஒரே தெரு. இவனை வெளியே விட்டால் ஒரே நாளில் சாட்சியைக் கலைத்துவிடுவான்."

கண்ணாடியக்கா திடுக்கிட்டாள். அவர் தன்னைக் காப்பாற்றத்தான் காலையில் அப்படிக் கேட்டார் என்று நினைத்திருந்தாள். கலைந்துபோகக்கூடிய சாமானாகத் தன்னை வைத்துப் பேசுவார் என்று நினைக்கவில்லை.

வக்கீலம்மா எழுந்தார். "அடித்தது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதும் இவர்தான். ஓடவில்லை. ஒளியவில்லை. பழைய வழக்கு ஒன்றுகூட இல்லை. குழாயைக் கைப்பற்றியாகிவிட்டது. அடிபட்டவர் வீடு திரும்பிவிட்டார். கழுத்தெலும்பு கீழே விழுந்ததிலும் உடைந்திருக்கலாம் என்று டாக்டரே எழுதியிருக்கிறார். இன்னும் உள்ளே வைத்து விசாரிக்க என்னம்மா பாக்கி இருக்கிறது?"

"தூக்கிப் போனதால் அடித்தது இல்லையென்று ஆகிவிடாது" என்றார் அரசு வக்கீல், தும்மலுக்கு நடுவே.

இரண்டு பேர் வாதமும் சரியாகத்தான் பட்டது அவளுக்கு. அதுதான் தொல்லையே.

நீதிபதி மருத்துவமனைத் தாள்களைப் புரட்டினார். பிறகு குனிந்து, கண்ணை உயர்த்தினார். "அடிபட்டவர் தரப்பில யாரு வந்திருக்கீங்க?"

அவள் எழுந்து முன்னால் போனாள்.

"நீங்க அவருக்கு?"

"மனைவிங்க."

"எதிரிக்கு?"

"அக்காங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "சரி. இவருக்கு ஜாமீன் குடுக்கறதுல உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

"தெரியலங்கம்மா."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்ததும் நின்றது.

"தெரியலன்னா?"

எங்கேயாவது ஆரம்பிக்க வேண்டுமே என்று, "அம்மா, அதுல ரெண்டு அடின்னு எழுதியிருக்காங்க. நான் ரெண்டு சத்தம்னுதான் சொன்னேன். ரெண்டாவது சத்தம் என்னன்னு சத்தியமா எனக்குத் தெரியாது" என்றாள்.

இரண்டு வக்கீல்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அரசு வக்கீல், "பாருங்கம்மா, இப்பவே சாட்சி மாறுது!" என்றார். வக்கீலம்மா, "இதைத்தான் நானும் சொல்கிறேன்!" என்றார். நீதிபதி இரண்டு பேரையும் கையமர்த்தினார்.

"அத வழக்கு விசாரணையில சொல்லுங்கம்மா. அப்போ கேப்பாங்க. இப்போ நான் கேக்கறது ஒண்ணுதான். இவரு வெளிய வந்தா உங்களுக்கோ உங்க வீட்டுக்காரருக்கோ பயம் இருக்கா?"

மின்விசிறி கடகடத்தது. அவள் தம்பியைப் பார்க்கவில்லை. பார்த்தால் வாயில் வருவது வேறாகிவிடும் என்று தோன்றியது.

"பட்டறைப் பக்கம் ஏதாவது இரும்பு விழுந்தா தூக்கிவாரிப் போடுதுங்கம்மா. அப்போ, நல்லவேளை அவன் உள்ள இருக்கான்னு நெனைக்கறேன். அப்புறம் தட்டுல சாப்பாடு வச்சா, அவன் சாப்பிட்டிருப்பானான்னு தோணுது. சாப்பிட முடியல. ரெண்டும் ஒரே நாள்ல வருது. எது பெருசுன்னு கேட்டீங்கன்னா எனக்குச் சொல்லத் தெரியல."

"அம்மா, பயம் இருக்குன்னு சாட்சியே சொல்லிட்டாங்க" என்றார் அரசு வக்கீல்.

"அக்கறை இருக்குன்னு சொல்லியிருக்காங்க" என்றார் வக்கீலம்மா.

நீதிபதி அவள் சொன்னதில் எதையோ எழுதிக்கொண்டார். எதை என்று தெரியவில்லை. "மதியத்துக்கு மேல உத்தரவு" என்றார்.

மூன்று மணிக்கு உத்தரவு வந்தது. ஜாமீன் உண்டு, நிபந்தனைகளோடு. இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும். அந்த வட்டாரத்துக்குள் கால் வைக்கக் கூடாது. வேறு பேட்டையில் தங்கி, தினமும் காலை பத்து மணிக்கு அங்குள்ள காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அடிபட்டவரையோ சாட்சிகளையோ நேரிலோ போனிலோ வேறு ஆள் மூலமோ தொடர்பு கொள்ளக் கூடாது. மீறினால் ஜாமீன் ரத்து.

"சாட்சிங்கன்னா யாரும்மா?" என்று கிசுகிசுத்தாள்.

"நீங்கதான்" என்றார் வக்கீலம்மா. "ஒண்ணாம் நம்பர் சாட்சியே நீங்கதான்."

காவலர்கள் தம்பியை நடைபாதை வழியாக அழைத்துப் போனார்கள். அவன் அவளைப் பார்த்தான். அவள் வாயைத் திறந்தாள். வக்கீலம்மா அவள் முழங்கையை அழுத்திப் பிடித்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தவரை வாரம் ஒருமுறை அவனோடு பேச முடிந்தது. இப்போது வெளியே வந்துவிட்டதால் பேசக் கூடாது. வீடு வந்து சேரும்வரை இதைத் திருப்பித் திருப்பி யோசித்தும் அவளுக்கு உருப்படியாக ஒன்றும் பிடிபடவில்லை.

கண்ணாடிக் கடை முதலாளியும் பட்டறை பெயிண்டரும் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டார்கள். தம்பி பேட்டை மாறிப் போனான். நாத்தனார் கொஞ்ச நாள் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார். "நல்லா பேசினியாம், கோர்ட்டுல" என்றார் போகும்போது. பாராட்டா, குத்தலா என்று முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை.

பத்து வாரம் கழித்து வக்கீலம்மா நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனுப் போட்டார். இந்தத் தடவை கணவரே வந்து நின்று, ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். நீதிபதி அவரை நிறையக் கேட்டார். யாராவது வற்புறுத்தினார்களா, மிரட்டினார்களா என்றெல்லாம் கேட்டார். கடைசியில், பகல் நேரத்தில் மட்டும், வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்க்கலாம், போனில் பேசலாம், ஆனால் வழக்கைப் பற்றிச் சாட்சியிடம் பேசக் கூடாது என்று உத்தரவானது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். எதிரே கணவர். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்தக் கேட்டுக்குக் கீல் எந்தப் பக்கம்னு சொன்னாங்க? இடமா, வலமா?" என்றார்.

"இடது பக்கம் மாமா. காரு திரும்பணும்ல."

"அதான பார்த்தேன்."

அவ்வளவுதான். இரண்டு பேரும் கீலில் ஆரம்பித்து, தாழ்ப்பாள், பெயிண்ட் என்று பேசிக்கொண்டே போனார்கள். தண்ணீர்ச் செம்போடு வந்தவள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். செம்பை மேஜையில் நங்கென்று வைத்தாள்.

"பேச வேற ஒண்ணுமே இல்லையா உங்களுக்கு? ரெண்டு பேர்ல ஒருத்தராவது சொல்லித் தொலைங்களேன். எதுக்கு அடிச்சுக்கிட்டீங்க?"

"கேஸப் பத்திப் பேசக் கூடாதுன்னு..." என்றான் தம்பி.

"கோர்ட்டு கேக்கல. உன் அக்கா கேக்கறேன்."

கணவர்தான் முதலில் பேசினார். "தப்பு என் மேலதான். அந்தக் கேட்டுக்காரர் முன்னாடி, இவன் எங்கிட்ட கூலிக்கு இருக்கற ஆளுன்னு சொல்லிட்டேன். மச்சான்னு சொல்லியிருக்கணும். அது இவனுக்குச் சுருக்குன்னு தைச்சிடுச்சு."

தம்பி விழித்தான். "எப்ப மாமா சொன்னீங்க?"

"அன்னிக்குக் காலையிலதான்டா!"

"எனக்குக் கேக்கவே இல்லையே. நான் பின்னால வெல்டிங்ல இருந்தேன்."

"அப்போ எதுக்குடா அடிச்ச?"

தம்பி கைவிரல்களைப் பார்த்துக்கொண்டான். "நாலு நாளா நான் செஞ்ச கேட்டு அது. அளவு தப்புன்னு ஒரு வார்த்தைதான் சொன்னீங்க. கிரைண்டர எடுத்து என் கண்ணு முன்னாடியே அறுத்தீங்க. அறுத்துட்டுப் போங்க, அது பரவால்ல. சிரிச்சுக்கிட்டே அறுத்தீங்க. என்னப் பார்த்து சிரிச்சீங்க. எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. அறுந்து விழுந்த துண்டு கையில இருந்துச்சு."

"சிரிச்சேனா? நானா?" கணவர் இன்னும் சரியாக அசையாத தோளோடு முன்னால் சாய்ந்தார். "டேய், அன்னிக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடலடா. பொறி கண்ணுல தெறிச்சுது. மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு அறுத்தேன்." அப்படியே சுளித்துக் காட்டினார். உதடு விரிந்து, பல் தெரிந்தது. பார்க்கச் சிரிப்பதுபோலத்தான் இருந்தது.

தம்பி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு கையாலும் தன் முகத்தை மூடிக்கொண்டான். கணவர், நல்ல கையை நீட்டுவதா வேண்டாமா என்று பாதியில் நிறுத்தி வைத்திருந்தார்.

கண்ணாடியக்கா உட்கார்ந்துவிட்டாள். அவர் உண்மையைச் சொல்கிறாரா, தம்பியைத் தேற்ற இப்போது கட்டிச் சொல்கிறாரா? முகம் சுளித்ததற்காக ஒரு மண்டை உடையுமா? வழக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. விசாரணைக்கு நாள் குறித்தால் அவளைக் கூண்டில் ஏற்றுவார்கள். இன்று கேட்டதை எங்கேயும் சொல்லவும் முடியாது, கேட்காத மாதிரி இருக்கவும் முடியாது. இதை வைத்து யாரை மன்னிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் தேவலை என்று இருந்தது.

வெயில் தாழ்வதற்குள் அவன் போயாக வேண்டும். பேருந்து நிறுத்தம்வரை அவள் கூட நடந்தாள். அவன் தங்கியிருக்கும் அறையில் குழாயில் தண்ணீர் சரியாக வருவதில்லை என்றான். பக்கத்துப் பட்டறையில் வேலை கேட்டிருக்கிறான், கொடுப்பார்களோ என்னவோ என்றான். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். பாதி வழியில்தான் கவனித்தாள், அவனுக்கும் தனக்கும் நடுவே இன்னொரு ஆள் நடக்கும் அளவுக்கு இடம் விட்டு நடந்துகொண்டிருந்தாள். நெருங்கி நடக்கப் பார்த்தாள். நாலு அடி போனதும் கால் தானாக விலகியிருந்தது.

பேருந்து வந்தது. ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு அவன் திரும்பினான். "அடுத்த ஞாயித்துக்கிழமை வரட்டுமாக்கா?"

"வா" என்றாள். பிறகு, "கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிட்டு வா" என்றாள்.

இத்தனை வருடத்தில் அவனிடம் அப்படி ஒரு தடவையும் சொன்னதில்லை. அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான்.

"சரிக்கா" என்றுவிட்டு, தலையைக் குனிந்து உள்ளே ஏறினான்.